மேசை உயரக் குதிரை… முதலில் பாடம், பிறகு விற்பனை!

‘இடுப்பளவுகூட இல்லாத குதிரையை வீட்டுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வருகிறார்களே, அதை நாமும் வளர்க்கலாமா? லாபம் உண்டா?’ செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு வாசகர்கள் சிலர் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். ‘ஆசைக்கு வளர்க்கலாம், லாபத்துக்கு வேண்டாம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால், இந்தக் குதிரைகள் அதிகம் இருக்கும் அமெரிக்காவில் அவற்றை எப்படி விற்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. நாளைக்கே யாராவது ஒரு புதுப் பிராணியைக் காட்டி, ‘இலவசக் கருத்தரங்குக்கு வாங்க’ என்று நம்மை அழைத்தால், அப்போது அது கைகொடுக்கும்.

நம் ஊரில் மட்டக்குதிரை என்று சொல்வது வேறு, இது வேறு. மினியேச்சர் குதிரை என்பது அதைவிடவும் குள்ளம். 1978-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் கணக்குப்படி உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நம் சாப்பாட்டு மேசையைவிட நாலு விரற்கடை கூடுதல், அவ்வளவுதான். ஷெட்லாண்டு மட்டக்குதிரைச் சங்கம் நடத்தும் இன்னொரு பதிவேட்டில் 38 அங்குலம் வரை அனுமதி உண்டு. ஷெட்லாண்டு தீவுகளின் மட்டக்குதிரைகள், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வண்டி இழுத்த குட்டைக் குதிரைகள், அர்ஜென்டினாவில் ஃபலபெல்லா குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் குறுக்கி வளர்த்த குதிரைகள் என்று பல கிளைகள் சேர்ந்து உருவானவை இவை.

காலையில் வகுப்பு, மதியம் விற்பனை

அங்கே மினியேச்சர் குதிரை வளர்ப்பவர்களில் பலர் பெரும் பண்ணைக்காரர்கள் இல்லை. ஐந்து, பத்து ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள்தான். வட்டார அளவில் சங்கம் வைத்திருப்பார்கள். புதிதாக ஆட்களை இழுப்பதற்குச் சங்கமோ, ஒரு பண்ணையோ ஒருநாள் பயிற்சி வகுப்பு நடத்தும். குளம்பு சீவுவது எப்படி, பல் பார்ப்பது எப்படி, வண்டியில் பூட்டப் பழக்குவது எப்படி, குட்டி ஈனும்போது என்ன செய்வது என்று ஒவ்வொன்றையும் குதிரையை எதிரில் நிறுத்தியே சொல்லிக்கொடுப்பார்கள். வகுப்பு முடிந்ததும் பல இடங்களில் விற்பனை நடக்கும். சில இடங்களில் ஏலம்.

பல்கலைக்கழகங்களின் விரிவாக்கத் துறையும் இப்படி வகுப்பு நடத்துவதுண்டு. நம் வேளாண் அறிவியல் நிலையம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கீழ் ‘ஃபோர்-எச்’ என்ற சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. அதில் சேர்ந்த பிள்ளை ஒரு பிராணியை வளர்த்து, தீவனச் செலவு முதல் மருந்துச் செலவு வரை நோட்டில் எழுதி வர வேண்டும். குதிரை சின்னதாக இருந்தால் சின்னப் பிள்ளையும் கயிறு பிடித்து நடத்தலாம் என்பதால், மினியேச்சர் குதிரைக்கு அங்கே நல்ல மவுசு.

விற்பவரே வாத்தியாராக இருப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தன் சரக்கை யார் குறைத்துச் சொல்வார்? அதனால், ‘இந்த வகுப்பு உருப்படியா?’ என்று பார்க்க நான் ஒரே ஓர் உரைகல்லைத்தான் நம்புவேன். ‘யார் இதை வாங்கக் கூடாது’ என்று வகுப்பில் சொல்கிறார்களா? சொன்னால் அது பாடம். சொல்லாவிட்டால் விளம்பரம்.

நல்ல வகுப்புகளில் சொல்கிறார்கள். ‘பெரியவர் ஏறி ஓட்ட வேண்டும் என்றால் இது வேண்டாம். வீட்டில் ஒற்றைக் குதிரையாகக் கட்டிப்போடுவதாக இருந்தால் வேண்டாம். இது மந்தைப் பிராணி, தனியாக நின்றால் ஏங்கிப்போகும். பக்கத்தில் குதிரை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் இல்லையென்றால் வேண்டாம்’ என்கிறார்கள். இது நாய் மாதிரி பத்துப் பன்னிரண்டு வருஷ சமாச்சாரமும் இல்லை. 25 முதல் 35 ஆண்டுகள் உயிரோடு இருக்கும். எட்டு வயதுப் பேத்திக்கு ஆசையாக வாங்கினால், அவள் கல்யாணமாகிப் போன பிறகும் குதிரை தாத்தா வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கும்.

கண்ணை நம்பாதே, கையை நம்பு

தீவனச் செலவு குறைவு என்பதுதான் விற்பவர்கள் முதலில் சொல்வது. அது உண்மையும்கூட. குதிரைக்கு உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவிகிதம் உலர்தீவனம் போதும். 90 கிலோ மினியேச்சருக்கு நாளைக்கு ஒன்றரைக் கிலோ, மிஞ்சிப்போனால் 1.8 கிலோ காய்ந்த புல். ஒரு கறவை மாட்டுக்குப் போடுவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. இந்தக் குதிரை கொஞ்சத்தில் கொழுக்கும். பச்சைப் புல்வெளியில் நாள் முழுக்க அவிழ்த்துவிட்டால் கொழுப்பேறி, குளம்புக்குள் வீக்கம் கண்டு, காலை ஊன்ற முடியாமல் நின்றுவிடும். அதனால் மேயும்போது வாய்க்கு ஒரு கூடை மாட்டுகிறார்கள். போரடிக்கும் மாட்டுக்கு நாம் வாய்க்கூடு போடுவதில்லையா, அதேதான். அடியில் சின்ன ஓட்டை மட்டும் இருக்கும், நுனிப்புல் கொஞ்சம்தான் கிடைக்கும்.

இதன் ரோமம் அடர்த்தியாக இருப்பதால், கொழுத்திருக்கிறதா, இளைத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. வயிறு பானையாகத் தெரியும், உள்ளே விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். எனவே வகுப்பில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விலாவில் கையை வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்வார்கள். இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

கொழுத்த குதிரை நோயாலோ, மிரட்சியாலோ ஓரிரு நாள் தீவனம் எடுக்காமல் போனால், உடம்பில் இருக்கும் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கலந்து ஈரலைத் தாக்கும். பெரிய குதிரைகளில் அபூர்வமான இது, மினியேச்சரிலும் மட்டக்குதிரையிலும் கழுதையிலும் உயிரைக் குடித்துவிடும். ‘ஒருவேளை தின்னவில்லை, நாளைக்குப் பார்ப்போம்’ என்று விடக் கூடாது.

குடற்புழு மருந்திலும் கவனம் வேண்டும். அங்கே கடையில் விற்கும் ஐவர்மெக்டின் பசைக் குழல் ஒன்று, சுமார் 565 கிலோ எடையுள்ள பெரிய குதிரைக்கானது. அந்த ஒரு குழல் ஆறு மினியேச்சருக்குக் காணும். எடை போட்டுப் பார்க்காமல் அழுத்தினால் அளவு மீறிப்போகும்.

பல் இன்னொரு தொல்லை. உடம்பு சிறுத்த அளவுக்குப் பல் சிறுக்கவில்லை. சின்னத் தாடையில் பல் நெருக்கியடித்துக் கோணலாக முளைக்கும். வாயைத் திறந்து பார்க்காமல் எந்தக் குதிரையையும் வாங்காதீர்கள் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டரை வயதுக்குப் பிறகுதான் முன்பற்கள் விழுந்து முளைக்கத் தொடங்கும், ஐந்து வயதில் முழுப் பல்வரிசை வந்துவிடும். ‘இதுக்கு மேல வளராது’ என்று காட்டப்படும் குதிரையின் வாயில் பால்பல் இருந்தால், அது இன்னும் வளர வாய்ப்பு உண்டு.

குள்ளமும் குறைபாடும்

‘உலகத்திலேயே குட்டையான குதிரை’ என்று செய்திகளில் வந்த தம்பலினா, 2001-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தது. உயரம் பதினேழரை அங்குலம். பார்த்தவர்கள் எல்லாம் கொஞ்சினார்கள். ஆனால் அது பிறவிக் குறைபாட்டால் குள்ளமானது. இந்தக் குறைபாடுள்ள குட்டிகளுக்குக் கால் வளைந்திருக்கும், தாடை பொருந்தாது, மூச்சு வாங்கும். பல குட்டிகள் பிழைப்பதே இல்லை.

சின்னதோடு சின்னதைச் சேர்த்துக்கொண்டே போனதில், குறைபாட்டைச் சுமக்கும் குதிரைகள் இந்த இனத்தில் நிறைய சேர்ந்துவிட்டன. கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்தார்கள். இப்போது முடி மாதிரியைக் கொடுத்துப் பரிசோதித்துவிடலாம். ஒரு மாற்றத்தை மட்டும் சுமக்கும் குதிரை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால், நாலில் ஒரு குட்டி குறைபாட்டோடு பிறக்க வாய்ப்பு உண்டு. பரிசோதனைச் சீட்டைக் கேட்டதும் முகம் சுளிக்கும் வியாபாரியிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

ஈற்றுக்கும் ஆள் வேண்டும். சினைக்காலம் ஏறத்தாழ பதினோரு மாதம். தாய் சின்னது, குட்டியின் தலை பெரிசு; மாட்டிக்கொள்வது மற்ற குதிரைகளைவிட இதில் அதிகம். பனிக்குடம் உடைந்து அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வராவிட்டால் மருத்துவர் அருகில் இருந்தாக வேண்டும். பிறந்த குட்டி ஒரு மணி நேரத்தில் எழ வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். கெட்ட பழக்கமாக, பெரும்பாலும் நடு ராத்திரியில்தான் ஈனும். பண்ணைக்காரர்கள் கொட்டகையில் கேமரா வைத்துவிட்டு, தலைமாட்டில் திரையோடு படுத்திருப்பார்கள்.

யார் வாங்குகிறார்கள்?

இதற்கு வேலை இல்லாமல் இல்லை. சமதரையில் பெரியவர் ஒருவரைச் சின்ன வண்டியில் வைத்து இழுக்கும். மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் ஆறுதலாகக் கூட்டிப்போகிறார்கள். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டவும் பழக்குகிறார்கள். பயிற்சி பெற்ற மினியேச்சர் குதிரையைக் கடைக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் இயன்றவரை அனுமதிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் விதி 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்த வேலைகளுக்குத் தேவைப்படும் குதிரைகள் கொஞ்சம்தான்.

மீதியை வாங்கியது யார்? அதே வகுப்பில் உட்கார்ந்திருந்த அடுத்த வளர்ப்பாளர்தான். அவர் குட்டியை வாங்கி, குட்டி போட வைத்து, அதற்கடுத்து வருபவருக்கு விற்பார். பாலுக்கோ, உழவுக்கோ, இறைச்சிக்கோ வாங்கும் ஆள் இல்லை. புது ஆள் வருவது நின்ற அன்றைக்கு விலையும் நின்றுவிடும். டெக்ஸாஸில் 1990-களில் ஈமு கோழி இப்படித்தான் ஏறி, இப்படித்தான் விழுந்தது. தீவனம் போட முடியாமல் திறந்துவிட்டவர்கள் உண்டு. அதே கதையைப் பெருந்துறை வட்டாரத்தில் 2012-ல் நாமும் பார்த்தோம். அரசே தீவனம் போட வேண்டி வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அமெரிக்கக் குதிரைச் சந்தைக்கு 2008 பொருளாதாரச் சரிவு பெரிய அடி. விற்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் காப்பகங்களில் வந்து சேர்ந்தவற்றில் மினியேச்சர்களும் இருந்தன.

அதனால்தான் நல்ல வகுப்புகளில், ‘ஆண் குட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காயடித்துவிடுங்கள்’ என்று சொல்கிறார்கள். காயடித்த குதிரை சாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் போகும். ‘பொலிக்கு விட்டுச் சம்பாதிக்கலாம்’ என்று பேச்சைத் தொடங்கும் வகுப்பாக இருந்தால், டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

வாசகர் கேள்விகளிலிருந்து…

*நம் ஊரில் ஒன்று வாங்கினால் மாட்டுத் தீவனமே போடலாமா?*

மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் போடவே கூடாது. அவற்றில் சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும்; மாட்டுக்கும் கோழிக்கும் ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது. சுத்தமான காய்ந்த புல், தண்ணீர், தாது உப்பு போதும். கொள்ளு, தவிடு எல்லாம் இந்த அளவுக் குதிரைக்குக் கைப்பிடி கணக்குதான்.

*ஆட்டுப்பட்டியிலேயே சேர்த்துக் கட்டலாமா?*

ஆடு துணைக்கு ஆகும், இன்னொரு குதிரைக்கு ஈடாகாது. வேலி பலமாக இருக்க வேண்டும். அமெரிக்காவிலேயே இந்தக் குதிரைகளுக்கு முக்கிய எதிரி அவிழ்ந்து திரியும் நாய்கள்தான். நம் தெருக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

*வெளிநாட்டு மினியேச்சர் என்று சொல்லி இங்கேயே விற்கிறார்களே, நம்பலாமா?*

வெளிநாட்டிலிருந்து குதிரையைக் கொண்டுவர மத்திய அரசின் அனுமதியும், வந்திறங்கியதும் தனிமைக் காப்பும் கட்டாயம். அந்தக் காகிதங்களையும், சங்கப் பதிவுச் சீட்டையும் நேரில் பாருங்கள். உயரத்தை நீங்களே அளவுகோல் கொண்டுபோய் அளங்கள். முதுகுத் திமிலில் அளக்கக் கூடாது, பிடரி மயிர் முடியும் இடத்தில் அளக்க வேண்டும். காகிதம் இல்லையென்றால் அதை மட்டக்குதிரை என்றே வைத்து விலை பேசுங்கள். மட்டக்குதிரைதான் வேண்டும் என்றால், ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போய், நாலு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு நிதானமாக வாங்கலாம். எங்கே வாங்கினாலும் கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். இது மனிதருக்கும் தொற்றும். நோய் உறுதியானால் குதிரையைக் கொன்று புதைப்பதைத் தவிர வழியில்லை. ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். ரத்த மாதிரி அனுப்ப உங்கள் பகுதி அரசு கால்நடை மருத்துவரை அணுகுங்கள். முடிவு கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.