குழாய் நுழைக்காமல் இரத்த ஓட்டத்தை அளப்பது எப்படி?

கடலூர்ச் சாலையில், தவளக்குப்பம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருக்கிறீர்களா? ஹாரன் அடித்தபடி வரும் பேருந்து நெருங்கும்போது ஒலி கீச்சென்று கேட்கும். கடந்து போனதும் சட்டெனத் தணிந்து கேட்கும். ஓட்டுநர் ஹாரனை மாற்றவில்லை. பேருந்தின் வேகம்தான் நாம் கேட்கும் ஒலியின் அதிர்வெண்ணை மாற்றுகிறது. 1842-இல் ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்தியான் டாப்ளர் கூறிய கருத்து இது. எனவே இதற்கு 'டாப்ளர் விளைவு' என்று பெயர்.

இதைக் கொண்டு நம் நெஞ்சுக்குள் ஓடும் இரத்தத்தையும் அளக்கலாம்!

இதயத்தின் வலக் கீழறையிலிருந்து இரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டு செல்வது நுரையீரல் தமனி. அதன் ஓட்டத்தை ஏன் அளக்க வேண்டும்? சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இதயத்தின் இடைச்சுவரில் துளை இருக்கும். உடலுக்குச் செல்லவேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி அத்துளை வழியே மறுபடியும் நுரையீரலுக்கே போய்விடும். துளை பெரிதாக இருந்து, இது பல ஆண்டுகள் நீடித்தால், நுரையீரல் நாளங்களின் சுவர் தடித்து அழுத்தம் ஏறும். ஓர் எல்லையைக் கடந்தபின் துளையை அடைத்தாலும் பயனில்லை. ஆகவே காலத்தில் அறிவது அவசியம்.

1929-இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மான் தம் கைச் சிரை வழியாகத் தம் இதயம்வரை மெல்லிய குழாயைச் செலுத்திக் காட்டினார். அழுத்தத்தை நேரடியாக அளக்க இம்முறை இன்றும் உதவுகிறது. ஆனால் ஓட்டத்தை அறிய, பெரும்பாலும் முதலில் செய்வது புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளில் நடைபெறும் 'எக்கோ' சோதனையே.

மார்பின்மேல் வைக்கும் சிறு கருவி, காதுக்குக் கேட்காத மீயொலியை உள்ளே அனுப்புகிறது. அது சிவப்பணுக்களில் பட்டுத் திரும்புகிறது. நுரையீரல் தமனியில் இரத்தம் கருவியை விட்டு விலகி ஓடுவதால், திரும்பும் ஒலியின் அதிர்வெண், கடந்துபோன பேருந்தின் ஒலியைப் போலவே, சற்றுக் குறைகிறது. குறைந்த அளவிலிருந்து வேகத்தைக் கணிக்கலாம்.

இனி ஒரு கணக்கு. வளர்ந்த ஒருவரின் தமனி விட்டம் 2.4 செ.மீ. எனில், குறுக்குப் பரப்பு சுமார் 4.5 சதுர செ.மீ. ஒரு துடிப்பில் இரத்தம் 16 செ.மீ. நகர்ந்தால், 4.5 × 16 = 72 மில்லி லிட்டர். நிமிடத்துக்கு 70 துடிப்பு எனில், சுமார் 5 லிட்டர்! உடலுக்குச் செல்லும் மகாதமனியிலும் இவ்வாறே அளந்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். துளையுள்ள குழந்தைக்கு நுரையீரல் ஓட்டம் ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், துளையை அடைப்பது பற்றி மருத்துவர் ஆலோசிப்பார்.

ஓர் எச்சரிக்கை: விட்டத்தை 10 சதவீதம் கூட்டி அளந்துவிட்டால், விடை 21 சதவீதம் கூடிவிடும். ஏன் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஐயம் எழுந்தால், காந்தப்புலத்தால் ஓட்டத்தை அளக்கும் எம்.ஆர்.ஐ. முறை துணைக்கு வரும். அதற்கும் குழாய் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.