தூண்டிலுக்கு உகந்த பருவம்



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஐப்பசி பிறந்துவிட்டால் வருகைப் பதிவேட்டைச் சற்றுக் கூர்ந்து பார்ப்பது வழக்கம். முதல் நாள் இரவு நல்ல மழை பெய்திருந்தால், மறுநாட் காலையில் எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பத்துப் பன்னிரண்டு பையன்களைக் காண முடியாது. காரணம் கேட்டால் வந்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருநாள் கடைசிப் பலகையிலிருந்து ஒருவன் மெல்ல எழுந்து, “சார், மறுகால்ல மீன் ஏறுது சார்” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனை உட்காரச் சொல்லிவிட்டு நான் பாடத்தைத் தொடங்கினேன். எனினும் என் மனமும் மறுகாலுக்குத்தான் போயிருந்தது என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்வதில் தவறில்லை. பணி ஓய்வு பெற்று ஆண்டுகள் சில ஆகிவிட்டன அல்லவா?

மீன் பிடிப்பதற்கு ஆண்டில் எந்தப் பருவம் சிறந்தது? இக்கேள்வியைக் கீழப்பாவூரில் மூவரிடம் கேட்டால் மூன்று விடை கிடைக்கும். குத்தகைதாரர் சித்திரை என்பார். பள்ளிப் பையன் ஐப்பசி என்பான். தூண்டிலும் கையுமாகக் கரையில் அமர்ந்திருக்கும் முதியவரோ, சிறிது யோசித்து, மாசி என்பார். மூவரும் சொல்வது உண்மையே. ஆயினும் இவர்களுள் ஒருவரும் மீனைக் கேட்டு விடை சொல்லவில்லை. மீனின் ஆண்டு எவ்வாறு நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இம்மூன்று விடைகளையும் எடைபோட முடியும்.

எங்கள் ஊர் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையே அமைந்தது. மேற்கே குற்றால மலை. அங்குத் தோன்றும் சிற்றாறு தென்காசி வழியாகக் கிழக்கே ஓடி, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியோடு கலக்கிறது. வழியில் அணைக்கட்டுகள் பல; அவற்றினின்று பிரியும் கால்கள் குளங்களை நிரப்புகின்றன. எங்கள் பெரியகுளமும் அவ்வாறு சிற்றாற்றின் தண்ணீரை உண்டு வாழ்வதே. ஆனியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் குற்றாலத்தில் சாரல் விழும், அருவிகள் கொட்டும். எங்களுக்கோ மழையைவிடக் காற்றே மிகுதி. செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் அக்காற்று குளத்து நீரை ஓயாமல் அலைக்கழிக்கும். தூண்டிலின் தக்கை ஆடுவது மீனாலா காற்றாலா என்று தெரியாது. ஆதலின் ஆனி, ஆடி மாதங்களைத் தூண்டிற்காரர் பெரிதும் விரும்புவதில்லை. கால்வாயின் ஓரத்தில் மண்புழுவை முள்ளிற் கோத்துப் போட்டால் கெண்டையும் கெளுத்தியும் கிடைக்கும், அவ்வளவே.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் காட்சி முழுவதும் மாறிவிடும். ஓடைகள் பெருகும், குளம் நிறையும், மறுகால் பாயும். அப்பொழுது கெண்டையும் கெளுத்தியும் நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறுகின்றன. புதுநீரின் குளிர்ச்சியும் உயரும் நீர்மட்டமும் முட்டையிடும் வேளை வந்துவிட்டது என்பதை அவற்றுக்கு உணர்த்துகின்றன. புதிதாக நீர் பரவிய புல்தரையில் குஞ்சுகளுக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் பெருகும். ஒளிந்துகொள்ளப் புதரும் உண்டு. இப்பொழுது பிறக்கும் குஞ்சுக்கு, குளம் வற்றுவதற்கு முன் வளர்வதற்கு நான்கைந்து மாதங்கள் கிடைக்கின்றன. சித்திரையில் முட்டையிடும் மீனுக்கு இந்த அவகாசம் ஏது?

இவ்வாறு ஏறும் மீன்களில் பனையேறிக் கெண்டை ஒரு விந்தை. செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஈரத்தரையிலும் ஊர்ந்து செல்லக்கூடியது. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்னும் டேனிஷ் படை அலுவலர், அம்மீன் ஒரு பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைத் தாம் கண்டதாக எழுதியது 1797 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. மரமேறும் செய்தியைப் பின்வந்த அறிஞர் பலர் ஐயுற்றனர். தரையில் ஊர்வதை ஐயுற்றவர் இலர். மழைநாளில் வயல் வரப்பில் அதனை மிதித்து முள் குத்திக்கொண்ட எங்கள் ஊர்ப் பையன்கள் அதற்குச் சான்று சொல்வார்கள்.

மறுகாலில் பறி வைத்தும் துண்டை விரித்தும் மீனை அள்ளுவது எளிது. ஆனால் அங்கு அகப்படுவனவற்றுள் பெரும்பாலானவை வயிறு நிறைய முட்டை சுமந்தவை. வகுப்புக்கு வராத பையன்கள் மீது எனக்கிருந்த வருத்தத்தில் பாடம் பாதி, இது பாதி.

இனி விராலுக்கு வருவோம். தூண்டிற்காரனுக்குக் குளத்து மீன்களில் அரசன் விராலே. அஃது ஊன் உண்ணும் மீன். தவளையையும் சிறு மீனையும் பதுங்கியிருந்து பாய்ந்து பிடிக்கும். செவுளாலன்றிக் காற்றையும் நேரே சுவாசிக்கும் உறுப்பு அதன் தலையில் உண்டு. ஆகையால் சிறிது நேரத்திற்கு ஒருமுறை நீர்மட்டத்திற்கு வந்து காற்றை உட்கொண்டாக வேண்டும். வெளியே எடுத்துப் போட்டாலும், உடல் ஈரமாக இருக்கும்வரை பல மணி நேரம் உயிரோடிருக்கும். கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழையை எதிர்நோக்கும். தெலங்கானா மாநிலம் இதனைத் தன் மாநில மீனாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மழைக்காலத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து, செடிகள் அடர்ந்த ஆழமற்ற இடத்தில் ஒரு வட்டத்தைச் சுத்தம் செய்து முட்டையிடும். தேன்நிறம் கொண்ட அம்முட்டைகள் நீரின்மேல் மிதக்கும். ஒன்றரை நாளுக்குள் பொரித்துவிடும். குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில், திரளாக, நீருக்கடியில் நகரும் சிவந்த மேகம்போலத் தோன்றும். எங்கள் பக்கத்தில் அவற்றைப் ‘பார்ப்பு’ என்பார்கள். தொல்காப்பியத்தின் மரபியல் இளமைப் பெயர்களுள் ஒன்றாகக் கூறும் அச்சொல் குளக்கரையில் இன்றும் உயிரோடிருப்பது தமிழாசிரியர்களுக்கு மகிழ்ச்சி தரும். இப்பார்ப்புக் கூட்டத்தின் அடியில், ஏறத்தாழ ஒரு மாதம், தாய் தந்தையர் காவல் நிற்கும். அருகில் எது வந்தாலும் பாயும்.

எனக்கு அப்பொழுது பன்னிரண்டு வயது. ஒரு கார்த்திகை மாலையில் கரையோரத்து நாணற்புதரில் சிவந்த பார்ப்புக் கூட்டத்தைக் கண்டேன். அதன் நடுவே தவளை மாட்டிய தூண்டிலைப் போட்டேன். தவளை நீரைத் தொட்டதுதான் தெரியும், மூங்கிற்கழி வளைந்தது. முழங்கை நீளத்துக்கு மேற்பட்ட விரால்! இவ்வளவு எளிதாக அதற்கு முன்னர் நான் விரால் பிடித்ததில்லை. அரைமணி கழித்து அதே இடத்தில் மீண்டும் போட்டேன், இணையும் அகப்பட்டது. பெருமிதத்தோடு கரையேறியபோது மடைக்காவல் பெரியவர் எதிர்ப்பட்டார். மீன்களைப் பார்த்தார், என் கைவன்மையைப் புகழ்வார் என்று எதிர்பார்த்தேன். “ஏலே, காவலுக்கு நின்னதையா பிடிச்சே? நாளைக்கு வந்து அந்தப் பார்ப்பைப் பாரு” என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். சிவந்த மேகம் சிதறிக் கிடந்தது. நீர்க்காகம் ஒன்று மூழ்கி மூழ்கி எழுந்தது. அடியில் குறவை மீன்கள் துள்ளின. மூன்றாம் நாள் அவ்விடத்தில் வெறும் நீர்தான் இருந்தது. வீட்டில் அந்த இரண்டு மீன்களும் குழம்பாகி ஒருவேளை உணவோடு தீர்ந்திருந்தன.

அன்று எனக்கு விளங்காதது ஒன்று. பின்னர் ஆசிரியப் பயிற்சிக்குச் சென்று உயிரியல் படித்தபோது விளங்கியது. அந்த விரால்கள் பசியால் தூண்டிலைக் கவ்வவில்லை. தம் குஞ்சுகளுக்கு நடுவே வந்து விழுந்த பகையை விரட்டவே கவ்வின. விரால் தூண்டிலை மிக எளிதாகக் கவ்வும் காலம், தன் உணவைக் கருதாத காலமாக இருக்கிறது. அக்காலத்தில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டிற்காரனின் திறமைக் கணக்கில் எழுத முடியுமா?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் ஏரிகளில் ‘பாஸ்’ என்றொரு மீன் உண்டு. நம் விராலைப்போலவே பதுங்கிப் பாயும் ஊனுண்ணி. அதனைத் தூண்டிலிற் பிடிப்பது அங்கே பல இலட்சம் மக்களின் பொழுதுபோக்கு. எந்தப் பருவம் சிறந்தது என்னும் வழக்கு அவர்களிடையேயும் ஓய்வதில்லை. வசந்தம் என்பார் ஒரு சாரார், இலையுதிர் காலம் என்பார் மற்றொரு சாரார். வசந்தத்தில் நீரின் வெப்பம் 15 முதல் 18 பாகை செல்சியஸ் அளவுக்கு உயர்ந்ததும், ஆண்மீன் கரையோரத்தில் வாலால் கூடு துடைத்து, முட்டைகளைத் தனித்துக் காவல் காக்கும். அப்பொழுது அதனைப் பிடிப்பது மிக எளிது. பிடித்து உடனே விட்டாலும், அது திரும்புவதற்குள் சிறு மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடக்கூடும். இதனாலேயே வடபகுதியைச் சேர்ந்த மாநிலங்கள் சில, அம்மாதங்களில் ‘பாஸ்’ பிடிப்பதற்குத் தடையோ கட்டுப்பாடோ விதித்தன. அங்கே வசந்தத்தின் வெப்பம் செய்வதை இங்கே ஐப்பசியின் மழை செய்கிறது.

நம் கடலுக்கும் இத்தகைய ஓய்வு உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. 2017 க்கு முன்னர் இது 45 நாட்களாக இருந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் கொல்லுவதை 1897 ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுத்துவிட்டது. பாபநாசத்துப் படித்துறையில் திரியும் மீன்களுக்கு மக்கள் பொரி இடுகிறார்கள். அங்கே காவல் செய்வது பக்தி. எங்கள் குளத்து விராலுக்கோ நாள் குறித்து ஓய்வளித்ததை நான் கண்டதில்லை.

குத்தகைதாரரின் சித்திரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளத்து மீன்பாசிக் குத்தகை பசலி ஆண்டை ஒட்டியது. பசலி ஜூன் 30 இல் முடிகிறது. ஆகவே அதற்குள் தாம் விட்டு வளர்த்த கட்லாவையும் ரோகுவையும் அவர் எடுத்தாக வேண்டும். நீரும் வற்றியிருக்கும். வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் உயிர்வளி குறையும்: 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும், 30 பாகையில் ஏழரைதான். இரவெல்லாம் பாசியும் அதனைச் செலவழித்துவிடுவதால், விடியற்காலையில் கெண்டைகள் வாய் பிளந்து மேலே நிற்கும். வலையும் ஊத்தாவும் கொண்டு எவரும் அவற்றைப் பிடிக்கலாம். அஃது அறுவடை, தூண்டிற்கலையன்று.

ஆகவே என் வாக்கு மாசிக்கும் பங்குனிக்குமே. மழைக்காலத்துக் குஞ்சுகள் பிரிந்து தத்தம் வழியே போயிருக்கும். பெரிய விரால்கள் காவற்பணி ஒழிந்து, மெய்யாகவே பசித்திருக்கும். மார்கழிக் குளிர் நீங்கி நீர் மிதமான வெப்பம் அடைந்திருக்கும், காற்று இராது, நீர் தெளிந்து, கரையைவிட்டுச் சிறிது இறங்கியிருக்கும். காலை வேளையில் அசையாமல் அமர்ந்தால், விரால் காற்றெடுக்க வரும் சிறு குமிழியைத் தாமரையிலைகளுக்கு நடுவே காணலாம். அக்குமிழிக்கு ஒரு கோல் தள்ளித் தவளையை இட்டு, பொறுத்திருக்க வேண்டும். பத்து நாளில் எட்டு நாள் வெறுங்கையோடுதான் திரும்புகிறேன். ஆனால் கவ்வுகிற மீன் பசிக்குக் கவ்வுகிறது. எனக்கும் அதற்கும் கணக்கு நேர்.

இப்பருவத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மாசியும் பங்குனியும் தேர்வு மாதங்கள். மாணவனாகவும் ஆசிரியனாகவும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவை எனக்கு வாய்க்கவில்லை. உங்களுக்கும் இப்பொழுது வாய்க்கா. ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பள்ளி விட்ட பின்னர் மாலையில் குளக்கரைக்குப் போகலாம். சென்ற கார்த்திகையில் என் பேரனும் அவன் தோழர்கள் மூவரும் என்னோடு வந்தார்கள். பெரியகுளத்தின் வடகரையில் நான்கு இடங்களில் பார்ப்புக் கூட்டம் கண்டோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே கரையில் ஒரு குச்சியை நட்டு, அதில் துணிக்கிழிசல் கட்டி, நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதினார்கள். இருபத்து மூன்றாம் நாள் வரையில் மூன்று கூட்டங்கள் இருந்தன. நான்காவது குச்சியின் அருகில் யாரோ தூண்டில் போட்ட சுவடு இருந்தது. தவளைக்கால் ஒன்று கரையில் கிடந்தது. பேரன் அக்குச்சியைப் பிடுங்கவில்லை. குறிப்பேட்டில் தேதியை மட்டும் எழுதி, எதிரே ஒரு கோடு போட்டான்.