காம்பவுண்ட் வில்லில் எழும் ஒலி

காம்பவுண்ட் வில் என்பது, இரு முனைகளிலும் உள்ள மையம் விலகிய சக்கரங்களின் வழியே நாணும் கேபிள்களும் ஓடும்படி அமைந்த வில் ஆகும். இச்சக்கரங்கள் கேம் எனப்படுகின்றன. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலெஸ் வில்பர் ஆலன் இவ்வில்லுக்கு 1966 இல் காப்புரிமை கோரினார்; 1969 இன் இறுதியில் அது வழங்கப்பட்டது. இன்று வட அமெரிக்காவில் வில் கொண்டு மான் வேட்டையாடுவோர் பெரும்பாலும் இவ்வகை வில்லையே பயன்படுத்துகின்றனர். எய்யும்போது எழும் ஒலி போட்டி வீரருக்குப் பெரிய இடையூறு அல்ல. வேட்டையில் அம்பு எங்கே தைக்கிறது என்பதையே அவ்வொலி மாற்றிவிடக்கூடும்.

ஒலி அம்பை முந்துதல்

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. இன்றைய வேட்டை வில்லிலிருந்து புறப்படும் அம்பின் வேகம் நொடிக்கு 85 மீட்டர் அளவில் உள்ளது. 20 மீட்டர் தொலைவில் நிற்கும் மானை ஒலி 0.06 நொடியில் அடைகிறது, அம்புக்கு 0.23 நொடிக்கு மேல் ஆகிறது. 30 மீட்டரில் இந்த இடைவெளி கால் நொடியைத் தாண்டுகிறது. வெண்வால் மான் திடுக்கிட்டால் ஓடுவதற்கு முன் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். 0.1 நொடி தடையின்றி விழும் உடல் 5 செ.மீ. இறங்கும், 0.2 நொடியில் ஏறத்தாழ 20 செ.மீ. இறங்கும். நுரையீரலுக்குக் குறிவைத்த அம்பு இதனால் முதுகுப்புறத்தில் தைக்கலாம். அவ்வாறு காயம்பட்ட மான் கைக்கு அகப்படாமல் ஓடி, நெடுநேரம் துன்புறும்.

வேகத்தைக் கூட்டினால் போதும் என்பது பரவலான எண்ணம். ஆனால் நொடிக்கு 85 மீட்டரை 91 ஆக உயர்த்தினாலும் 20 மீட்டரில் மிச்சமாவது 0.02 நொடி கூட இல்லை. ஒலியைக் குறைப்பதே பயன் தருகிறது.

ஒலியின் தோற்றம்

இழுத்த வில்லில் சேரும் ஆற்றல் முழுவதும் அம்புக்குச் செல்வதில்லை. அம்பு நாணை விட்டு நீங்கிய பின் மீந்த ஆற்றல் நாணையும், கேபிள்களையும், லிம்ப் எனப்படும் வளையும் தகடுகளையும், கைப்பிடி உள்ள ரைசர் என்ற நடுச்சட்டத்தையும் அதிரச் செய்கிறது. அவ்வதிர்வின் ஒரு பகுதியே காதில் விழுகிறது.

எனவே முதலில் கவனிக்க வேண்டியது அம்பின் எடை. எடை மிகுந்த அம்பு ஆற்றலில் கூடுதல் பங்கை எடுத்துச் செல்லும். வில்லில் மீதி குறையும். இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெயின் எடையைப் பல தயாரிப்பாளர்கள் கீழெல்லையாகக் கூறுகின்றனர். 70 பவுண்டு வில்லுக்கு இது 350 கிரெயின், அதாவது சுமார் 23 கிராம். இதைவிட 70 அல்லது 100 கிரெயின் கூடிய அம்புக்கு மாறினாலே பல வில்களின் கூர்மையான ஓசை மழுங்கிவிடும். ஒலியடக்கும் ரப்பர் துண்டுகளை வாங்குமுன் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. அம்பே பூட்டாமல் நாணை இழுத்து விடுவது இதன் எதிர் எல்லை: ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்புவதால் லிம்ப் பிளக்கலாம், நாண் அறுந்து எய்பவரைக் காயப்படுத்தலாம்.

காரணத்தைக் கண்டறிதல்

ஓசையின் தன்மையே பாதி விடை சொல்லிவிடும். ரீங்காரம் நீடித்தால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. ‘டக்’ என்ற ஒற்றை அடி, அம்புதாங்கியிலோ கேபிளிலோ இறகு மோதுவதைக் காட்டலாம். இழுக்கும்போதே கிறீச்சிட்டால் சக்கர அச்சையோ லிம்ப் பொருந்தும் குழியையோ பார்க்க வேண்டும்.

தளர்ந்த பாகத்தை அறிய, வில்லை ஒரு கையில் தொங்கவிட்டு ரைசரை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுவர். ரீங்காரம் கேட்டதும் குறிபார்வைக் கருவி, அம்பறாத்தூணி, நிலைப்படுத்தி ஆகியவற்றை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தால், எதைத் தொடும்போது ஓசை அடங்குகிறதோ அதுவே குற்றவாளி. இதில் பிடிபடாவிட்டால், கழற்றக்கூடிய துணைக்கருவிகள் அனைத்தையும் எடுத்துவிட்டு எய்து, பின் ஒவ்வொன்றாகப் பூட்டி எய்ய வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை. ஆயினும் ஊகத்தில் பாகங்களை மாற்றிக்கொண்டிருப்பதைவிட விரைவில் முடியும். வில்லுடன் பூட்டும் அம்பறாத்தூணியில் பல நேரங்களில் சிக்கல் இருக்கும்.

இறகு மோதலைக் காண, இறகுகளின் மேல் பாதத்தூள் தெளித்து எய்தால், உரசிய இடத்தில் தூள் அழிந்திருக்கும். எய்பவரின் காது நாணுக்கு அருகில் இருப்பதால் அவர் கேட்பது மான் கேட்பதன்று. இலக்கின் பக்கமாக, உறுதியான மறைப்புக்குப் பின்னால் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்வது நல்லது. ஆள் யாரும் அங்கே நிற்கக் கூடாது.

குறைக்கும் வழிகள்

தளர்ந்த திருகுகளை இறுக்கித் திருகுப் பசை இடலாம். அம்பு உரசும் உலோகப் பரப்பில் ஃபெல்ட் துணி ஒட்டினால் இழுக்கும்போது எழும் சுரண்டல் ஓசை நிற்கும். மான் அருகில் இருக்கையில் அச்சிறு ஓசையே அதனை விரட்டிவிடும். நாணில் கட்டும் ரப்பர் இழைகளும் பீவரின் மென்மயிரும் அதிர்வை உறிஞ்சும். வேகம் சிறிது குறையும். ரைசரிலிருந்து நீளும் நாண்தடுப்பான், ஓய்வில் நாணை அழுத்தாமல் மெல்லிய இடைவெளி விட்டு நிற்க வேண்டும்.

இரு கேம் கொண்ட வில்லில் இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பாவிட்டால் மேற்கூறியவை அதிகம் உதவா. அதைச் சரிசெய்ய லிம்ப்களை அமுக்கிப் பிடிக்கும் போ பிரஸ் என்ற கருவி தேவைப்படுவதால், அது கடைக்காரரின் வேலை.

அமைதியாக இருந்த வில்லில் திடீரெனப் புதிய ஓசை எழுந்தால் உடனே எய்வதை நிறுத்த வேண்டும். லிம்ப் நெடுகிலும் பஞ்சை ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பில் அதன் இழை சிக்கிக்கொள்ளும். கார்பன் அம்பையும் மெல்ல வளைத்துக் காதருகே வைத்துப் பார்க்க வேண்டும். முறியும் ஓசை கேட்ட அம்பு மீண்டும் நாணேறக் கூடாது. எய்யும்போது அது சிதறி, வில்லைப் பிடித்த கையில் பாயக்கூடும்.