ஸ்ரீவில்லிபுத்தூரின் நீளம் எவ்வளவு?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரில் எத்தனை எழுத்துகள்? விரல்விட்டு எண்ணினால் எட்டு: ஸ்ரீ, வி, ல், லி, பு, த், தூ, ர். இதே கேள்வியைக் கணினி மொழிகளிடம் கேட்டால் விடை மாறுகிறது. பைத்தான் 18 என்கிறது. ரஸ்ட் மொழியும் கோ மொழியும் 54 என்கின்றன. ஸ்விஃப்ட் 9 என்கிறது. எதுவும் பிழையில்லை. ஒவ்வொன்றும் எண்ணியது வேறு வேறு பொருளை.

கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ‘தூ’வுக்கு இரண்டு எண்கள்: தகரத்துக்கு ஒன்று, ஊகாரக் குறிக்கு ஒன்று. ‘ல்’ என்றால் லகரத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று. ‘ஸ்ரீ’ மட்டும் நான்கு எண்களை எடுத்துக்கொள்ளும்: ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி. மொத்தம் 18 எண்கள், அதாவது 18 குறிகள். ‘யுடிஎஃப்-8’ முறையில் சேமிக்கும்போது இவை ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும்; அதனால் 54. புள்ளியையும் உயிர்க்குறியையும் அதனதன் எழுத்தோடு சேர்த்துக் கட்டி, கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணும் முறையும் உண்டு. அதன் பொதுவிதி ‘ஸ்ரீ’யை ‘ஸ்’, ‘ரீ’ என இரண்டாகப் பார்ப்பதால் 9.

இந்த ஊரின் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பால்கோவா கடைக்காரர் பாலை லிட்டரில் வாங்குகிறார், பால்கோவாவைக் கிலோவில் விற்கிறார், டப்பாக்களை எண்ணி அடுக்குகிறார். ‘எவ்வளவு?’ என்ற கேள்வி மூன்று இடத்திலும் ஒன்றுதான், அளவை வேறு. நிரல் எழுதுவோரின் சிக்கல், எல்லா அளவைக்கும் ‘நீளம்’ என்றே பெயர் வைத்திருப்பது.

அளவை மாறிப்போனால் என்ன ஆகும்? தமிழில் அனுப்பும் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 இடங்கள்தான், ஆங்கிலத்தில் 160. அதைத் தாண்டினால் செய்தி துண்டாகி, கட்டணமும் கூடும். ஊர்ப்பெயர் ஒன்றே 18 இடங்களை விழுங்கிவிடும். 9 என்று கணக்குப் போட்ட நிரல், ஒரு செய்தியில் அடங்கும் என்று நம்பி இரண்டாக அனுப்பும். லினக்ஸ் கணினிகளில் ஒரு கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழில் அது 85 குறிகள். தரவுத்தளத்தில் ஊர்ப்பெயருக்கு 50 என்று இடம் ஒதுக்கினால், மைஎஸ்க்யூஎல் அதை 50 குறிகள் என்று எடுத்துக்கொள்ளும். ஆரக்கிள் வழக்கமாக 50 பைட் என்று எடுத்துக்கொள்ளும். முன்னதில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாராளமாக அடங்கும். பின்னதில் அதற்கு இடமே இல்லை. திரையில் இடம் போதவில்லை என்று 15 குறிகளோடு வெட்டினால் ‘ஸ்ரீவில்லிபுத்த’ என்று நிற்கும். 17-இல் வெட்டினால் கடைசிப் புள்ளி உதிர்ந்து ‘ஸ்ரீவில்லிபுத்தூர’ ஆகும்.

எந்த இடத்துக்கு எந்த ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு) என்று நிரலாளருக்கு எப்படித் தெரியும்? நிரலை வரிவரியாகப் படித்தால், அது எப்படி எண்ணுகிறது என்பது தெரியும். எந்தத் தேவைக்கு இதை அழைக்கலாம், எதற்கு அழைக்கக் கூடாது என்பது அதில் இராது. அதைச் சொல்லும் இடம்தான் நிரலுக்கு நடுவே மனிதருக்காக எழுதும் குறிப்புரை, கணினித் துறையில் எல்லோரும் சொல்லும் ‘கமெண்ட்’.

ரஸ்ட் மொழியின் மூலநிரல் இதற்கு நல்ல முன்மாதிரி. நீளம் சொல்லும் ஃபங்ஷனுக்கு மேலேயே, இது பைட் கணக்கு, மனிதர் நினைக்கும் நீளமாக இல்லாமலும் போகலாம் என்று எழுதியிருக்கிறார்கள். குறிகளை ஒவ்வொன்றாகத் தரும் ‘சார்ஸ்’ என்ற ஃபங்ஷனுக்கு மேலே, நீங்கள் தேடுவது முழு எழுத்துகளாக இருக்கலாம், அந்த வசதி மொழியோடு வரும் இந்த நிரல்நூலகத்தில் இல்லை, வெளியே தேடுங்கள் என்று வழிகாட்டியிருக்கிறார்கள். தன்னிடம் இல்லாததைச் சொல்லி, போகவேண்டிய திசையையும் காட்டுவதுதான் நல்ல குறிப்புரை.

லினக்ஸின் மையமான ‘கெர்னல்’ நிரலிலும் இந்த வழக்கம் உண்டு. சற்றே காத்திரு என்று சொல்ல அங்கே பல ஃபங்ஷன்கள் உள்ளன. சுமார் 10 மைக்ரோ விநாடிக்குள் என்றால் ‘யூடிலே’. அதற்கு மேல் 20 மில்லி விநாடி வரை ‘யூஸ்லீப் ரேஞ்ச்’. அதையும் தாண்டினால் ‘எம்ஸ்லீப்’ என்பது நெடுநாள் வழிகாட்டுதல். முதலாவது செயலியைச் சும்மா சுழலவைத்தே நேரம் கடத்தும். மற்ற இரண்டும் செயலியை வேறு வேலைக்கு விட்டுக்கொடுக்கும். ‘எம்ஸ்லீப்’பிடம் 1 மில்லி விநாடி கேட்டால் 20 வரைகூடத் தூங்கிவிடலாம். பெயரைப் பார்த்து இதையெல்லாம் ஊகிக்க முடியாது. எழுதி வைத்தால்தான் உண்டு.

தமிழில் குறிப்புரையின் தேவை இன்னும் கூடுதல். ‘பால்கோவா’வில் உள்ள ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே எண்ணாக வைக்கலாம், அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடும் இரண்டும் சமம் என்று விதித்திருப்பதால், சீராக்கும் ஃபங்ஷன் ஒன்றை அழைத்தால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். இதைப் பார்த்த நிரலாளர் தமிழ்த் தேடல் சிக்கல் தீர்ந்தது என்றே நினைப்பார்.

அந்த நினைப்பு ‘ஸ்ரீ’யில் உடைகிறது. 2005-இல் வந்த யூனிகோட் 4.1 பதிப்பு ‘ஶ’ என்ற எழுத்தைச் சேர்த்தது. அதுவரை ஸகரத்தில் தொடங்கி எழுதிவந்த ‘ஸ்ரீ’யை, அதன்பின் ‘ஶ’வில் தொடங்கி எழுதுவதே பொருத்தம் என்றானது. ஆனால் பழைய வழக்கம் மறையவில்லை. இரண்டும் இன்று புழக்கத்தில் உள்ளன. பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. சீராக்கும் ஃபங்ஷன் இவற்றை ஒன்றாக்காது, ஏனென்றால் விதிப்படி இவை சமமல்ல. ஒருமுறை வகுத்த சீராக்க விதியை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதிமொழி என்பதால், அடுத்த பதிப்பில் சரியாகும் என்று காத்திருக்கவும் முடியாது. இரண்டையும் சமமாக நடத்துங்கள் என்று யூனிகோட் நூல் பரிந்துரைக்கிறது. நிறைவேற்ற வேண்டியது மென்பொருள் எழுதுபவர். தவறினால், ஊர்ப்பெயரைச் சரியாகத் தட்டியவருக்கும் ‘கிடைக்கவில்லை’ என்றே பதில் வரும்.

இன்னொரு பொறி ‘முந்திரி’. 320-இல் ஒரு பங்கைக் குறிக்கும் இந்தப் பழைய பின்னக் குறியை 2019-இல் யூனிகோட் 12 சேர்த்தது. அதுவரை வந்த தமிழ்க் குறிகளைப் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் ஒரே மாதிரி எண்ணின. முந்திரிக்கோ பைத்தான் 1 என்கிறது, ஜாவாஸ்கிரிப்ட் 2 என்கிறது. பழைய சோதனைகளில் எல்லாம் தேறிய நிரல், ஒரு பழைய நிலக்கணக்கை ஏற்றியவுடன் தடுமாறும்.

குறிப்புரையை எப்படி எழுதலாம்? ‘இது பைட்டுகளை எண்ணும். கோப்புப் பெயருக்கு ஏற்றது. எஸ்எம்எஸ் அளவுக்கு இதை அழைக்காதீர்கள். பெயரைச் சுருக்க, எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் ஃபங்ஷனை அழையுங்கள். இல்லையேல் உயிர்க்குறி உதிரும்.’ என்ன எண்ணுகிறது, எதற்கு ஆகும், எதற்கு ஆகாது, வேறு எதை நாடலாம் என்ற நான்கும் இதில் வந்துவிட்டன. பைத்தான் 3, ரஸ்ட் போன்ற மொழிகளில் இதைத் தமிழிலேயே எழுதலாம், கணினி மறுக்காது.

குறிப்புரைக்கும் வயதாகும். நிரல் மாறி அது மாறாவிட்டால், இல்லாததைவிடக் கேடு. இதற்கும் வழி உண்டு: ரஸ்ட் நூலகங்களில் குறிப்புரைக்குள் எழுதும் எடுத்துக்காட்டைச் சோதனையின்போது கணினியே இயக்கிப் பார்க்கும். பைத்தானில் ‘டாக்டெஸ்ட்’ இதே வேலையைச் செய்யும். விடை மாறினால் உடனே அகப்படும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலும் ராஜபாளையம் ராம்கோ பொறியியல் கல்லூரியிலும் கணினி படிப்பவர்கள் இப்படிக் குறிப்புரை எழுதும் பணிக்கு மிகப் பொருத்தமானவர்கள். ‘ஓப்பன் தமிழ்’ போன்ற திறந்த நூலகங்கள் எவரும் பங்களிக்கக் காத்திருக்கின்றன. தான் என்ன செய்கிறது என்பதை நிரல் தானே சொல்லிவிடும். தன்னை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதை அது ஒருபோதும் சொல்லாது. அதை அறிந்தவர் எழுதியவர் மட்டுமே. அந்த நான்கு செய்தியையும் எழுதிய பிறகே வேலை முடிந்ததாகக் கணக்கு.