பாபிலோனுக்குச் சென்ற கடிதம்

கி.மு. 597ஆம் ஆண்டில் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைக் கைப்பற்றினான். 18 வயதே நிரம்பிய யூதாவின் அரசன் யோயாக்கீனும், அவனோடு ஏறத்தாழ 10,000 பேரும் அந்நிய மண்ணுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தச்சர், கொல்லர், வீரர், அதிகாரிகள் யாவரும் போயினர். ஊரில் எஞ்சியோர் ஏழைகளே. கால்வாய்க் கரைகளில் குடியேற்றப்பட்ட அம்மக்கள் நெஞ்சில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: எப்போது திரும்புவோம்?

அதற்கு இனிய விடை தந்தவன் அனனியா. சிதேக்கியா அரசனின் நான்காம் ஆண்டில், எருசலேம் ஆலயத்தில் ஆசாரியர் முன்னிலையில் நின்று, இரண்டே ஆண்டுகளில் அரசனும் மக்களும் ஆலயப் பணிமுட்டுகளும் திரும்பிவரும் எனக் கர்த்தரின் பெயராலேயே அறிவித்தான். எரேமியா அடையாளமாகச் சுமந்திருந்த மர நுகத்தைப் பிடுங்கி முறித்தும் காட்டினான். எரேமியாவின் முதல் மறுமொழி கவனிக்கத்தக்கது. அவ்வாறே ஆகட்டும் என்றுதான் அவரும் சொன்னார். மக்கள் திரும்புவதை அவர் விரும்பாதவர் அல்லர். ஆயினும் தம் விருப்பத்தையே தேவ வார்த்தையாக்கிக்கொள்ள அவர் உடன்படவில்லை. அனனியா அவ்வாண்டின் ஏழாம் மாதத்தில் இறந்தான்.

பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் 29ஆம் அதிகாரத்தில் உள்ளது. சிதேக்கியா நேபுகாத்நேச்சாரிடம் அனுப்பிய எலெயாசா, கெமரியா என்னும் இருவர் அதனைச் சுமந்து சென்றனர். இன்றைய வழக்கிற் கூறின் தூதரகத் தபாலிற் போன கடிதம். வீடு கட்டவும், தோட்டமிட்டு அதன் பலனை உண்ணவும், பிள்ளைகளுக்கு மணம் முடித்து வைக்கவும், அந்த நகரத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக மன்றாடவும் அது பணித்தது. பாபிலோனுக்கு 70 ஆண்டுகள் நிறைவேறிய பின்பே மீட்பு என்றும் கூறியது.

கேட்டவர்களின் முகத்தை எண்ணிப் பாருங்கள். தம்மை வேரோடு பிடுங்கியவர்களின் நகருக்காக வேண்டுதலா? 70 ஆண்டு என்றால், அங்கு நின்ற முதியவர் எவருக்கும் திரும்புதல் இல்லை. செமாயா என்பவன் வெகுண்டு, எரேமியாவைத் தொழுமரத்தில் மாட்டும்படி எருசலேமிலிருந்த செப்பனியா என்னும் ஆசாரியனுக்குக் கடிதம் எழுதினான்.

நம்பிக்கையும் கீழ்ப்படிதலும் இங்கு ஒரே செயலாகின்றன. பேரீச்சை காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும். இரண்டு ஆண்டை நம்பியவன் அதனை நடமாட்டான். நட்டவன் எவருடைய சொல்லை நம்பினான் என்பதை அவன் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

அதே அதிகாரத்தின் 11ஆம் வசனம் எம்மவர் வீட்டு நாட்காட்டிகளிலும் சுவர்ப்படங்களிலும் தொங்குகின்றது. நல்ல எதிர்காலம் பற்றிய வாக்குறுதி அது. ஆனால் வீட்டையும் தோட்டத்தையும் பற்றிய 5 முதல் 7 வரையான வசனங்களை அச்சிட்டு மாட்டியவரைக் காண்பது அரிது. வாக்குறுதியை வைத்துக்கொண்டு கட்டளையை விட்டுவிடுதல் எமக்கு எளிதாகவே இருக்கின்றது. அடுத்த ஆண்டு ஊருக்குப் போய்விடுவோம் என்று மொழி வகுப்பைத் தள்ளிவைத்து, அயலவர் பெயரும் அறியாமல் ஆண்டுகளைக் கழித்த குடும்பங்கள் எம்மிடையே உண்டு.

வேலை அனுமதியே இல்லாமல், விண்ணப்பத்தின் முடிவுக்காக முகாமிற் காத்திருப்பவரிடம் வீடு கட்டு எனப் போதிப்பது கொடுமை. எரேமியா குறித்த ஆண்டுக் கணக்கும் யூதாவுக்கே உரியது. அதனை எமது கணக்காக மாற்ற எவருக்கும் அதிகாரமில்லை. தாயகத்தை மறக்குமாறும் அக்கடிதம் கூறவில்லை. ஆனால் வாழும் நகருக்காக மன்றாடுவதற்கு எந்த அனுமதிப் பத்திரமும் வேண்டியதில்லை.

அன்று பலர் பயிரிட்டு வாழ்ந்தனர் என்பதற்குக் களிமண் ஏடுகளே சான்று. 2014ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அல்-யாகூது ஏடுகளில், பாபிலோனிய நாட்டுப்புறத்தில் குடியேறிய யூதாவினரின் வயல், பேரீச்சை, வரி, கடன் பற்றிய பதிவுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பழையது கி.மு. 572ஆம் ஆண்டுக்குரியது. பலருடைய பெயர்களில் தேவனின் பெயர் அப்படியே நிலைத்திருக்கின்றது.

கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசிடம் பாபிலோன் வீழ்ந்தது. திரும்பியவர்களை எஸ்றாவின் புத்தகம் 42,360 பேர் எனக் கணக்கிடுகின்றது. எருசலேமில் புதிய ஆலயத்திற்கு அத்திவாரம் இட்டபோது, பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் உரத்து அழுதனர். ஏனையோர் மகிழ்ந்து ஆரவாரித்தனர். அவர்களுள் இளையோர் பாபிலோனில் கட்டப்பட்ட வீடுகளிற் பிறந்தவர்கள்.