ஆடும் கதிரையும் மரமுளையும்

நார்த்மீட்டின் வீதிகளில், வேண்டாத பொருட்களைச் சபையின் பாரவண்டி வந்து அகற்றும் நாட்களில், புல்தரையோரம் கதிரைகள் கிடப்பதைக் காணாதார் எம்மவரில் இல்லை. வந்த புதிதில் எம்மில் பலரின் வாடகை வீடுகள் அவ்வாறு கிடைத்த தளபாடங்களினாலேயே வீடுகளாயின என்பதைச் சொல்வதில் எமக்கு வெட்கமில்லை. அண்மையில் அத்தகைய குவியலொன்றிலிருந்து, வீட்டுக்காரரிடம் கேட்டு, நான்கு கதிரைகளை எடுத்து வந்தோம். நான்கும் நல்ல வன்மரம். ஆயின் உட்கார்ந்தால் நான்கும் ஆடின. காலும் சட்டமும் சேருமிடத்தைப் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. சுண்டுவிரல் தடிப்புமில்லாத, இரண்டங்குல நீளமுமில்லாத உருண்டை மரத்துண்டுகள் சில, பசை விட்டுப்போய்த் துளைக்குள் கழன்று கிடந்தன. சில சதக் காசு பெறுமதியான இத்துண்டுகளுக்காகவே நான்கு கதிரைகள் வீதிக்கு வந்திருந்தன.

ஆங்கிலத்தில் டவல் என வழங்கும் இதனை எம்மவர் முளை என்பர். மரஆணி என்பாரும் உளர். கடையொன்றில் நாம் டவல் கேட்டபோது, எமது உச்சரிப்பின் புண்ணியத்தால், துவாய்கள் தொங்கும் பக்கத்துக்கு அனுப்பப்பட்டோம் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறோம்.

இரும்பாணி மரநார்களை நெரித்துக்கொண்டு தனக்கு இடம் தேடும். முளையோ அவ்வாறன்று. சேரவேண்டிய இரு பாகங்களிலும் முன்னரே துளையிட்டு, பாதி உடல் ஒன்றிலும் மறுபாதி மற்றதிலுமாக அமர்த்தப்படுவது. மூட்டு மூடியபின் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் பணி இரண்டு: இரு பாகங்களையும் உரிய இடத்தில் நேராக நிறுத்துதல், பாரம் ஏறும்போது ஒன்றன்மேல் மற்றொன்று வழுக்கிச் செல்லாது தடுத்தல். பிடித்து வைத்திருக்கும் வேலையைப் பெரும்பாலும் பசை பார்த்துக்கொள்ளும்.

இது எமக்குப் புதிய பொருளன்று. ஊரில் பயறும் உழுந்தும் உடைத்த திரிகையை நினைத்துப் பாருங்கள். அடிக்கல்லின் நடுவே நிற்கும் முளை இல்லையெனில், மேற்கல் ஒரு சுற்றிலேயே விலகிவிடும். பசையில்லாமல், சுழலவும் விட்டு, இடம் மாறாமலும் காக்கின்ற முளை அது. ஏர்மாட்டின் நுகத்தடியில் நடுவாக நிற்கும் ஆணிக்குப் பகல் என்று பழந்தமிழில் பெயர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுநிலைமையைச் சொல்ல வந்த பட்டினப்பாலை, அந்த நுகத்து ஆணியையே உவமையாக எடுத்தது. இவற்றையெல்லாம் கையாண்டவர்களின் பிள்ளைகளாகிய நாம், ஆடும் கதிரையைக் கண்டதும் புதிய கதிரைக்குத் தவணைப்பணம் கட்ட ஓடுகிறோம்.

முளை ஏன் கழலுகிறது? மரம் ஈரத்தைக் குடித்து வீங்குவதும் உலர்ந்து சுருங்குவதும் நார் ஓடும் திசையில் மிகக் குறைவு. குறுக்குத் திசையிலேதான் அதிகம். ஆகவே கோடையில், வட்டமாகக் குடைந்த துளை மெல்ல நீள்வட்டமாகிறது. அதனுள் நார் வேறு திசையில் ஓடும் முளை வேறுவிதமாகச் சுருங்குகிறது. ஆண்டுக்கு ஆண்டு இவ்விழுபறி நிகழ, பசை வெடிக்கிறது. சிட்னியின் மேற்குப் புறநகர்களின் கோடையை யாம் விவரிக்க வேண்டியதில்லை. 2020 ஜனவரி 4ஆம் திகதி பென்றித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவானது. அத்தகைய நாளில் மனிதர் மட்டுமன்றி மூட்டுகளும் வாடும்.

திருத்துவது கடினமன்று, பொறுமைதான் வேண்டும். மூட்டை மெதுவாகப் பிரித்து, பழைய முளையை அகற்றி, துளையிலுள்ள பழைய பசையை முற்றாகச் சுரண்டியெடுத்தல் வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். பழைய பசை மரத்தின் துவாரங்களை அடைத்திருப்பதால், அதன்மேல் ஊற்றும் புதுப்பசைக்குப் பற்றுவதற்கு மரம் கிடைப்பதில்லை. துளை தேய்ந்து அகன்றிருந்தால், ஓர் அளவு பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற முளையை இடலாம். கடைகளில் 6, 8, 10 மில்லிமீற்றர் அளவுகள் சாதாரணமாகக் கிடைக்கும். மரத்தின் தடிப்பில் மூன்றிலொன்றுக்குக் குறையாமலும் பாதிக்கு மேற்படாமலும் தெரிவு செய்வது வழக்கம். முளையின் உடலில் நீளவாக்கில் வரிகள் இருத்தல் நன்று. வரியில்லாத முளையை இறுக்கமான துளையில் அடித்தால், அடியில் அகப்பட்ட பசையும் காற்றும் வெளியேற வழியின்றி மரத்தையே பிளந்துவிடக்கூடும். துளையையும் முளையின் பாதியிலும் ஓரிரு மில்லிமீற்றர் ஆழமாகவே குடைய வேண்டும். ஒரு மூட்டுக்கு ஒரு முளை போதாது. தனிமுளையைச் சுற்றிச் சட்டம் திரும்பும். இரண்டாவது இருந்தால்தான் அது அசையாது.

இறுக்கும் கருவி இல்லையே எனக் கவலைப்பட வேண்டாம். கால்களைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, இடையில் ஒரு தடியைச் செருகி முறுக்கினால் போதும்.

எமது நான்கு கதிரைகளில் மூன்று இவ்வாறே நிமிர்ந்தன. நான்காவதில், எமக்கு முன்னர் யாரோ அவசரக்காரர் ஒருவர் மூட்டின் குறுக்கே இரும்பாணி அறைந்திருந்தார். கால் நெடுகப் பிளந்திருந்தது. அவரை நாம் குறைகூற மாட்டோம். உலகப் புகழ்பெற்ற கட்டடமொன்றிலேயே இதே தவறு நடந்திருக்கிறது. ஏதென்ஸ் நகரின் பார்த்தெனன் கோயிலைக் கி.மு. 447இல் கட்டத் தொடங்கியோர், தூண்களின் வட்டக் கற்களை ஒன்றன்மேல் ஒன்று நடுப்பிசகாது நிறுத்த மரமுளைகளை இட்டனர். சுவர்க் கற்களைப் பிணைத்த இரும்பைச் சுற்றி ஈயத்தை உருக்கி வார்த்தனர். நீர் புகவில்லை, துருவும் ஏறவில்லை. 1898இன் பின் நடைபெற்ற திருத்தப் பணியில், ஈயக் காப்பில்லாத இரும்பு பயன்படுத்தப்பட்டது. துருவேறிய இரும்பு பருத்துப் பளிங்கைப் பிளந்தது. 1975 முதல் இயங்கிவரும் பாதுகாப்புக் குழுவினர் அவ்விரும்பை அகற்றி, துருப்பிடிக்காத டைட்டேனியத்தை இட்டு வருகின்றனர். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் தாங்கிய கல்லை, திருத்த வந்த கையே உடைத்தது.

எனினும் இரும்பு எங்கும் ஆகாது என்பதன்று. கொங்கிறீற் வீதிகளில் பலகை பலகையாக வார்த்த தளங்களின் இடைவெளிகளில் உருக்குக் கம்பிகளே முளைகளாகக் கிடக்கின்றன. பாரவண்டியின் சுமையை ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்கு அவை கடத்துகின்றன. ஒரு பாதி ஒட்டாதபடி பூச்சுப் பூசப்பட்டிருப்பதால், வெயிலில் தளம் நீளவும் குளிரில் சுருங்கவும் இடமுண்டு. மரத்தில் ஒட்டவேண்டும் என்பது விதி. இங்கே ஒட்டக்கூடாது என்பது விதி.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையில் நீர் ஊறிப் பொருமியிருந்தால், அதில் முளை நிற்காது, விட்டுவிடுங்கள். வீதியோரத்தில் கிடைக்கும் குழந்தைக் கட்டில்களை எக்காரணத்தைக் கொண்டும் முளையிட்டுத் திருத்திப் பாவிக்காதீர்கள். கட்டில்களுக்கென இந்நாட்டில் கட்டாயப் பாதுகாப்பு விதிகள் உள்ளன. கம்பியொன்று கழன்ற இடைவெளியில் குழந்தையின் தலை சிக்குவது கதிரை ஆடுவது போன்றதன்று.

பிளந்த காலை, ஊரில் தச்சுத்தொழில் செய்த பெரியவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். மகளின் வீட்டில் இருக்கிறார். இங்கு வந்தபின் உளியைத் தொட்டதில்லை. காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நார் ஓடும் திசையை விரலால் தடவினார். "துறப்பணம் இருக்கோ?" என்றார். மின்துளைக் கருவியைக் கொடுத்தோம். சற்றுத் தயங்கி வாங்கி, பழைய விறகுத் துண்டொன்றில் இரு துளை போட்டுப் பார்த்தபின் காலுக்கு வந்தார். பிளவினுள் பசையிட்டுக் கயிற்றால் இறுக்கி, குறுக்கே இரு முளைகளை இறக்கினார். மேலெழுந்து நின்ற நுனிகளை வாளால் அறுத்துத் தேய்த்தபோது, முளை எது மரம் எது எனத் தெரியவில்லை. நாம் உடனே உட்கார்ந்து பார்க்க முனைந்தோம்.

"தம்பியவை, இண்டைக்கு ஒருத்தரும் இருக்கக்கூடாது," என்று கதிரையைச் சுவரோரம் தள்ளி வைத்தார். "நாளைக்குப் பின்னேரம் வாங்கோ. வரேக்கை மற்ற மூண்டையும் கொண்டு வாங்கோ, பாப்பம்."