மழை பெய்த மறுநாளே மக்காச்சோளம் விதைக்கலாமா? பட்டமும் மண் பதமும் ஏன் முக்கியம்? முழு விளக்கம்

புரட்டாசி பிறந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர், தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல் காடுகளில் ஒரே கேள்விதான். "மழை பிடிச்சிடுமா? விதையைப் போட்டுடலாமா?"

மானாவாரி மக்காச்சோளத்தில் விதைக்கும் நாள் தப்பினால், பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் மருந்து அடித்தாலும் அதைச் சரிக்கட்டுவது கஷ்டம். முளைக்காமல் போனால் விதைக்கும் உழவுக்கும் இரண்டாவது முறை காசு கொடுக்க வேண்டும்.

இது விவசாயியின் பிரச்சனை மட்டும் இல்லை. நாமக்கல் கோழிப் பண்ணைகளின் தீவனத்தில் பெரும் பங்கு மக்காச்சோளம்தான். எத்தனால் ஆலைகளும் இப்போது இதைத் தேடி வாங்குகின்றன. காட்டில் விளைச்சல் குறைந்தால், தீவன விலை வழியாக நம்ம வீட்டு முட்டை விலை வரைக்கும் அது எதிரொலிக்கும்.

அப்போ எப்போது விதைக்கணும்? மண் எப்படி இருக்கணும்? பார்க்கலாம்.

நெல் மாதிரி இல்லை மக்காச்சோளம்

நெல்லில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பயிர் போனால், பக்கத்துப் பயிர் தூர் கட்டி இடத்தை நிரப்பிவிடும். மக்காச்சோளத்தில் அந்த வசதி கிடையாது. பெரும்பாலும் ஒரு விதைக்கு ஒரு செடி, ஒரு செடிக்கு ஒரு கதிர். முளைக்காத இடம் காலியாகத்தான் இருக்கும்.

வீரிய ஒட்டு ரகத்தை 60 செ.மீ. வரிசை இடைவெளியில், செடிக்குச் செடி 25 செ.மீ. விட்டு விதைத்தால், ஒரு ஏக்கரில் சுமார் 27,000 செடிகள் நிற்கும். அதில் 3,000 விதை முளைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கதிருக்கு 100 கிராம் மணி என்று கணக்கிட்டால்கூட 300 கிலோ போச்சு. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்தக் கணக்கில் ஏக்கருக்கு 7,200 ரூபாய். பக்கத்துச் செடிகளின் கதிர் கொஞ்சம் பெருத்து ஓரளவு ஈடு செய்தாலும், முழுசாகத் திரும்பி வராது.

இன்னொரு விஷயம். எல்லா விதையும் ஒரே நேரத்தில் முளைக்கணும். ஒரு வாரம் பிந்தி முளைக்கும் செடி, முன்னால் வளர்ந்த செடிகளின் நிழலில் மாட்டிக்கொள்ளும். தண்ணீரையும் உரத்தையும் எடுத்துக்கொள்ளும், ஆனால் உருப்படியான கதிர் தராது.

விதைக்கும் நாள் ஒன்று, பார்க்க வேண்டிய நாட்கள் மூன்று

பட்டம் என்றால் விதைக்கும் நாள் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குள் மூன்று நாட்கள் இருக்கின்றன.

* முளைக்கும் நாள்: மண்ணில் ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது.
* பூக்கும் நாள்: விதைத்த சுமார் 50 முதல் 55 நாளில் ஆண் பூ வெளியே வரும், அடுத்து கதிரில் பட்டு இழை நீளும். இந்தச் சமயத்திலும், இதற்கு முன்னும் பின்னுமான இரண்டு வாரங்களிலும் ஈரம் குறைந்தால் மணி பிடிக்காது. கடும் வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்தால் மகரந்தம் செத்துப்போகும். பொக்கைக் கதிர் வருவது இதனால்தான்.
* அறுவடை நாள்: பல ரகங்களுக்கு 95 முதல் 110 நாள். அப்போது மழை கூடாது. நனைந்த கதிரில் பூஞ்சணம் பிடிக்கும். அதில் சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு தீவனத்தில் சேர்ந்தால் கோழிக்கும் ஆபத்து.

செப்டம்பர் 25-ம் தேதி விதைத்தால் என்ன ஆகும்? 52-வது நாள் நவம்பர் 16. வடகிழக்குப் பருவமழை நடக்கும் நேரம், பூக்கும் பயிருக்கு ஈரம் கிடைக்கும். 105-வது நாள் ஜனவரி 8. மழை ஓய்ந்து, கதிர் காயும் நேரம்.

அதே விதையை நவம்பர் 10-ல் போட்டால்? பூப்பது ஜனவரி 1-ம் தேதி வாக்கில். மழை முடிந்திருக்கும். அதன் பிறகு மணி முற்றும் வரை மண்ணில் தங்கியிருக்கும் ஈரத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டியதுதான். ஆழமான கரிசலில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மேலோட்டமான செம்மண்ணில் கதிர் சிறுத்துவிடும்.

எந்தப் பட்டத்துக்கு எது கவனம்?

புரட்டாசிப் பட்டம்: மானாவாரிக்கு ஏற்றது. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் பாதிக்குள் முடிப்பது நல்லது.

ஆடிப் பட்டம்: "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். ஆனால் மக்காச்சோளத்தை ஆடிக் கடைசிக்குத் தள்ளினால் அறுவடை நவம்பர் மழையில் மாட்டும். இறவை வசதி இருப்பவர்கள் ஆடியின் தொடக்கத்திலேயே விதைப்பது பாதுகாப்பு.

தைப் பட்டம்: இறவைக்கு மட்டும். தை பிறந்ததும் விதைத்தால் மார்ச் தொடக்கத்தில் பூத்துவிடும். தள்ளிப்போனால் பூக்கும் நேரத்தில் ஏப்ரல் வெயில் வந்து நிற்கும். கிணற்றில் தண்ணீரும் இறங்கிவிடும்.

மண் ரெடியா? கைப்பிடியில் ஒரு சோதனை

காலண்டர் பட்டத்தைச் சொல்லும். விதைக்கும் நாளைச் சொல்வது மண்தான். இதற்கு மிஷின் எதுவும் தேவையில்லை.

சுமார் 10 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுங்கள். இறுக்கிப் பிடித்து உருண்டையாக்குங்கள். கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள்.

* உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் பதம் சரி. உழலாம், விதைக்கலாம்.
* கட்டைவிரல் பட்ட இடம் வழவழவென்று இழுபட்டால் ஈரம் அதிகம். காத்திருக்கணும்.
* உருண்டையே பிடிபடாமல் தூளாகக் கொட்டினால் ஈரம் போதாது.

அதாவது, மழை பெய்த மறுநாளே அவசரப்படக் கூடாது. செம்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். கரிசலில் மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே சேறாக இருக்கும். அந்த நிலையில் டிராக்டரை இறக்கினால் மண் அமுங்கிக் கெட்டியாகிவிடும். காய்ந்ததும் கல் மாதிரிக் கட்டி கட்டும். கட்டிகளுக்கு நடுவில் விழும் விதைக்கு மண்ணோடு ஒட்டு இருக்காது, ஈரம் ஏறாது. உள்ளே அமுங்கிய மண்ணில் வேரும் பக்கவாட்டில்தான் ஓடும், கீழே போகாது.

தூறலை நம்பி விதைத்தால்?

மக்காச்சோள விதை முளைக்க, தன் எடையில் சுமார் 30 சதவீதம் தண்ணீரை உறிஞ்ச வேண்டும். லேசான தூறலில் விதை ஊறத் தொடங்கும். அடுத்து மழை இல்லாமல் வெயில் அடித்தால் முளை உள்ளேயே கருகிவிடும். பாதி ஊறிய விதை அடுத்த மழைக்குக் காத்திருக்காது.

அதனால் மேல் மண் மட்டும் நனைந்தால் போதாது. விதை விழும் ஆழத்தையும் தாண்டி ஈரம் இறங்கியிருக்கணும். ஒரு குச்சியையோ மண்வெட்டியையோ வைத்துத் தோண்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மழைக்கு முன்பே காய்ந்த நிலத்தில் விதைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் சுமார் 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் போட வேண்டும். நல்ல மழை பெய்தால்தான் அந்த ஆழத்துக்கு ஈரம் போகும், சின்னத் தூறலில் விதை ஏமாறாது. இருந்தாலும் இதில் ரிஸ்க் அதிகம்.

விதைத்த பிறகு கனமழை கொட்டினால்?

முளைத்து 5, 6 இலை வரும் வரை செடியின் வளர்முனை மண்ணுக்குக் கீழேதான் இருக்கும். அதன் மேல் தண்ணீர் தேங்கினால் செடி மூச்சுவிட முடியாது. தேங்கிய நிலத்தில் சுமார் இரண்டு நாளில் மண்ணிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடும். வெயிலும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்.

அதனால் வடிகால் விதைப்புக்கு முன்பே தயாராக இருக்கணும். தாழ்வான கரிசல் நிலத்தில் பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் விதைப்பது பாதுகாப்பு.

செம்மண்ணில் பிரச்சனை வேறு. பெருமழைக்குப் பிறகு வெயில் அடித்தால் மேல் மண் ஓடு மாதிரி இறுகும். முளை அதைத் துளைத்து வர முடியாமல் உள்ளேயே சுருளும். தொழு உரம் நன்றாகப் போட்ட நிலத்தில் இந்த இறுக்கம் குறையும்.

உரம், விதை நேர்த்தி: விதைக்கும் முன் செய்ய வேண்டியவை

மண் பரிசோதனை செய்யாமல் உரம் வாங்குவது, டெஸ்ட் எடுக்காமல் மாத்திரை வாங்குவது மாதிரி. வயலில் 10 முதல் 15 இடங்களில் V வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, கலந்து, அரை கிலோ கொடுத்தால் போதும். வரப்பு ஓரம், எருக்குழி பக்கம், மர நிழல் இங்கெல்லாம் எடுக்கக் கூடாது.

கார அமில நிலை 5.5 முதல் 7.5 வரை இருந்தால் மக்காச்சோளத்துக்கு வசதி. சுண்ணாம்பு அதிகமுள்ள நிலத்தில் துத்தநாகம் பற்றாக்குறையாகும், இளம் இலைகள் வெளுத்து வரும். பரிசோதனையில் குறை தெரிந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடலாம். அடியுரம் விதையைத் தொடக் கூடாது, சற்றுத் தள்ளி விழ வேண்டும். தொட்டால் முளை வெந்துபோகும்.

விதை ஏக்கருக்கு சுமார் 8 கிலோ. அடிச்சாம்பல் நோய் வரும் பகுதியில் மெட்டலாக்சில் கலந்த விதை நேர்த்தி முக்கியம். கம்பெனி விதையில் ஏற்கெனவே மருந்து பூசியிருந்தால் மறுபடி கலக்க வேண்டாம், பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள்.

படைப்புழுவுக்கும் விதைப்பு நாளுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கிறது. 2018-ல் கர்நாடகாவில் முதலில் கண்டறியப்பட்ட அமெரிக்கன் படைப்புழு, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்து காடு காடாக அழித்தது. இதற்கு இளம் குருத்துதான் பிடித்த தீனி.

ஒரே ஊரில் ஒருவர் இன்று, இன்னொருவர் 20 நாள் கழித்து என்று விதைத்தால், அந்துப்பூச்சிக்கு எப்போதும் இளம் பயிர் கிடைத்துக்கொண்டே இருக்கும். கடைசியாக விதைத்தவர் காட்டில்தான் பாதிப்பு அதிகமாகும். அக்கம்பக்கத்தில் பேசி, முடிந்தவரை ஒரே வாரத்தில் விதைப்பது செலவே இல்லாத பாதுகாப்பு.

கோடை உழவு போட்டால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெயிலிலும் பறவைகளாலும் அழியும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுவதும், வரப்பு ஓரத்தில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி விதைப்பதும் உதவும்.

சுருக்கமாக: விதைக்கும் முன் 6 கேள்விகள்

1. இன்று விதைத்தால் 52-வது நாளும் 105-வது நாளும் எந்தத் தேதியில் வருகிறது?
2. மண் உருண்டை உதிர்கிறதா, இழுபடுகிறதா?
3. விதை ஆழத்துக்குக் கீழேயும் ஈரம் இருக்கிறதா?
4. அடுத்த 5 நாள் வானிலை என்ன? வானிலைத் துறையின் மேகதூத் செயலியில் மாவட்ட வாரியாகத் தமிழிலேயே பார்க்கலாம்.
5. தண்ணீர் வடிய வழி இருக்கிறதா?
6. பக்கத்துக் காட்டுக்காரர் எப்போது விதைக்கிறார்?

இதோடு பயிர்க் காப்பீட்டையும் மறக்க வேண்டாம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்ட வேண்டியது, காப்பீட்டுத் தொகையில் காரிப் பருவத்துக்கு 2 சதவீதம், ராபி பருவத்துக்கு 1.5 சதவீதம்தான். கடைசித் தேதி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் என்பதால், விதைத்த கையோடு அடங்கல் வாங்கி, வேளாண் உதவி அலுவலரிடமோ பொது சேவை மையத்திலோ கேட்டு உடனே பதிவு செய்துவிடுங்கள். மழை வருவது நம்ம கையில் இல்லை. மண் பதம் வரும்வரை இரண்டு நாள் பொறுப்பது நம்ம கையில்தான் இருக்கிறது.